கடைசி இடமும் கோப்பையும்: பெரியமேட்டு மைதானத்தின் பத்து வருஷக் கணக்கு

'சென்னையின்' என்று ஒரு கால்பந்து கிளப்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னிடம், "பெயர் பாதியில் நிற்கிறதே ஐயா, சென்னையின் என்ன? வெற்றியா, தோல்வியா?" என்று கேட்டார். இந்தக் கிளப்பின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை கோப்பை வாங்கியது. ஒரு முறை மொத்தப் பட்டியலிலும் கடைசியில் கிடந்தது. கடைசியில் கிடந்த அதே கிளப் அடுத்த வருஷமே இறுதி ஆட்டம் வரை போனது.

விழுந்து கிடக்கிற ஒரு டீமை எப்படித் தூக்கி நிறுத்துகிறார்கள்? எழுந்தது ஏன் மறுபடி விழுகிறது? இந்த இரண்டு கேள்விகளும் விளையாட்டோடு நிற்பவை அல்ல. அரசாங்க அலுவலகத்தில் 35 வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இவை பழக்கமான கேள்விகள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் இருப்பவர்களுக்கு நேரு ஸ்டேடியம் வெளியூர் இல்லை. கூவத்தைத் தாண்டி, சென்ட்ரல் பக்கம் போய், ரிப்பன் மாளிகையைக் கடந்தால் பெரியமேடு. மாலையில் நடந்தே போய் வரலாம். 1734 வாக்கில் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான நம் பேட்டை 'சின்னத் தறிப் பேட்டை' என்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விளையாட்டுப் பேட்டை என்று சொல்லலாம்.

அந்த மைதானத்தைப் பழைய ஆட்கள் இன்னும் 'கார்ப்பரேஷன் ஸ்டேடியம்' என்றுதான் சொல்வார்கள். 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனையை முறியடிக்க 52 வருஷம் ஆயிற்று. 1965-க்குப் பிறகு டெஸ்ட் மேட்சுகள் சேப்பாக்கத்துக்கே போய்விட்டன. 1993-இல் பழையதை மாற்றி இப்போதுள்ள பெரிய ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. அதன் பிறகு நிகழ்ச்சிகள் பல நடந்தாலும், எங்கள் பேட்டைப் பையன்கள் வாராவாரம் போய்க் கத்துவதற்கு ஒரு டீம் என்று அங்கே எதுவும் இல்லை. 2014-இல்தான் அது வந்தது.

இந்தியன் சூப்பர் லீக் அந்த வருஷம் 8 அணிகளோடு தொடங்கியது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடி, புள்ளிப் பட்டியலில் முதல் நான்கு இடம் பிடிப்பவை அரையிறுதிக்குப் போகும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சென்னை அணிக்கு உரிமையாளர்களில் ஒருவர் நடிகர் அபிஷேக் பச்சன். தோனியும் பங்கு எடுத்துக்கொண்டார். கோச்சாக வந்தவர் இத்தாலியின் மார்கோ மத்தராஸி.

இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கும் என்னோடு புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த கூட்டாளிகளுக்கும் முகம் சுருங்கியது. 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸின் ஸிதான் தலையால் முட்டிக் கீழே தள்ளினாரே, அந்த முட்டு வாங்கிய ஆள் இவர்தான். ஸிதானுக்கு சிவப்பு அட்டை, பிரான்ஸுக்குத் தோல்வி. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பென்ஷன் வாங்கும் புதுச்சேரிக் குடும்பங்களில் அன்று இரவு அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் எங்கள் பெரியமேட்டுக்கே வந்து, பிரெஞ்சுக்காரரான பெர்னார் மெந்தியையும் தன் டீமில் வைத்துக்கொண்டு கோச்சாக நின்றார். விளையாட்டில் பகை நீடிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

முதல் வருஷம் லீக் கட்டத்தில் சென்னைதான் முதலிடம். பிரேசிலின் எலானோ ஃப்ரீ கிக் அடித்தால் வலை அசையும் என்று எங்கள் தெருப் பொடியன்கள் பேசிக்கொண்டார்கள். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. கொச்சியில் 0–3 என்று தோற்று வந்து, சென்னையில் மூன்று கோல் திருப்பி அடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியேறியது. அந்த இரவு மைதானத்திலிருந்து வந்த சத்தமும், அதன் பின் வந்த மௌனமும் இந்தக் கிளப்பை ஊருக்குச் சொந்தமாக்கிவிட்டன என்று நினைக்கிறேன்.

2015-இல் விழுந்தது. முதல் ஆட்டமே, அதுவும் சொந்த மைதானத்தில், கொல்கத்தாவிடம் 2–3 தோல்வி. நடுவில் சில வெற்றிகள், அதைவிட அதிகத் தோல்விகள். ஒரு கட்டத்தில் எட்டு அணிகளில் எட்டாவது இடம். பத்திரிகைகள் கதை முடிந்தது என்று எழுதின. அங்கிருந்து தொடர்ந்து வென்று மூன்றாவது இடத்துக்கு ஏறி அரையிறுதிக்குள் நுழைந்தது.

அந்த டிசம்பரை நாம் யாரும் மறக்க முடியாது. டிசம்பர் 1, 2 தேதிகளில் பெருமழை, செம்பரம்பாக்கம் திறப்பு, சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் நீரில் நின்றன. மின்சாரம் இல்லை, போன் இல்லை, விமான நிலையம் மூடல். அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த வழியில்லாமல் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மைதானமும் இல்லாமல், தங்கள் ரசிகர்களும் இல்லாமல், கொல்கத்தாவை 3–0 என்று வென்றார்கள். திருப்பி ஆடியதில் 1–2 என்று தோற்றாலும் கூட்டிப் பார்த்தால் 4–2.

டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். கோவா டீமின் சொந்த மைதானம். 87-வது நிமிஷத்தில் கோவா 2–1 என்று முன்னால் போனது. பாதிப்பேர் டிவியை அணைத்திருப்பார்கள். 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பரின் கையில் பட்டே பந்து உள்ளே போயிற்று, 2–2. இன்னும் இரண்டு நிமிஷத்தில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அந்த வருஷம் அவர் அடித்தது மொத்தம் 13 கோல், லீகிலேயே அதிகம். வெள்ளம் வடிந்து, சுவரில் சேற்றுக்கோடு காயாத ஒரு நகரத்துக்கு அந்தக் கோப்பை வந்து சேர்ந்தது. வீட்டுச் சாமான் எல்லாம் போன ஒருவர், "சார், இந்த மாசம் நமக்குன்னு ஒண்ணு கிடைச்சுது" என்று என்னிடம் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்த வருஷம், 2016. அதே கோச், எட்டு அணிகளில் ஏழாவது இடம். மெண்டோசா இல்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தராஸி போனார். இங்கிலாந்தின் ஜான் கிரெகரி வந்தார். ஏழாவது இடத்திலிருந்த கிளப்பை 2017–18-இல் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், எதிரே லீகில் 8 புள்ளி முன்னால் நின்ற பெங்களூரு அணி. 9-வது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல். பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று, 3–2, இரண்டாவது கோப்பை. அந்த டீமின் நடுக்களத்தில் உழைத்தவர்களில் ஒருவர் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். வியாசர்பாடியில் குடிசைப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாடமும் பந்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து ஆட்டக்காரர்களை உருவாக்குகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த மண்ணில் ஆடிய ஒரு பையன் இந்திய அளவில் கோப்பையைத் தூக்கினான்.

பிறகு வந்தது பெரிய விழுகை. 2018–19. நடப்புச் சாம்பியன், அதே கோச். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. காரணங்களை இப்போது வரிசைப்படுத்தலாம். தலைவராக நின்று பின்களத்தைக் கட்டியாண்ட போர்ச்சுகலின் என்ரிக் செரெனோ போய்விட்டார். தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் அந்த வருஷம் முழுக்க வெளியே. கோல் அடித்துக்கொண்டிருந்த மிசோரம் பையன் ஜெஜேவுக்குக் கோல் வறட்சி. தூண் இரண்டு போய், உத்தரம் ஒன்று தளர்ந்தால் வீடு நிற்குமா? கோச் கெட்டிக்காரர்தான். முந்தின வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்தானே.

2019–20 அதைவிட மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக, 90 நிமிஷமும் முடிந்த பிறகுதான் முதல் கோல். அந்த ஆட்டத்தை 2–1 என்று வென்றார்கள். ஆறாவது டிரா. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி என்ற நிலையில் கிரெகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காய்ல் வந்தார். 2009-இல் பர்ன்லி என்ற சின்ன ஊர்க் கிளப்பை இங்கிலாந்தின் முதல் நிலை லீகுக்கு ஏற்றிய மனிதர்.

இங்கே குமாஸ்தா புத்தியோடு ஒரு கணக்கு எழுதுகிறேன். காய்ல் வருவதற்கு முன் 6 ஆட்டம்: அடித்தது 4 கோல், வாங்கியது 10. காய்ல் வந்த பிறகு லீகில் 12 ஆட்டம்: அடித்தது 28, வாங்கியது 16. முன்பு 6 ஆட்டத்தில் 5 புள்ளி. பின்பு 12 ஆட்டத்தில் 24 புள்ளி. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஷெம்ப்ரி, நம் அனிருத் தாபா, லாலியன்சுவாலா சாங்தே எல்லாரும் முதல் ஆறு ஆட்டத்திலும் டீமில் இருந்தவர்கள்தாம்.

அப்படியானால் எது மாறியது? நான் பார்த்த அளவில் மூன்று.

முதலாவது, பயத்தோடு பின்னால் நின்று காவல் காப்பதை விட்டு முன்னால் போய் எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கச் சொன்னார். வாங்கும் கோல் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரைக்கு மேல் இருந்ததிலிருந்து கொஞ்சம்தான் குறைந்தது. அடிக்கும் கோல் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கோவாவிடம் 3–4 என்று தோற்ற ஆட்டத்தில்கூட அந்த மாற்றம் தெரிந்தது. கொச்சியில் கேரளாவை 6–3 என்று வென்றதில் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாவது, யார் எங்கே நன்றாக ஆடுவார் என்று பார்த்து இடம் மாற்றினார். ஓரத்துக் காவலில் ஆடிய எட்வின் வன்ஸ்பால் என்ற தமிழ்நாட்டுப் பையனை நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார். ஓடுவதில் மின்னலான சாங்தேவுக்கு ஓட இடம் கொடுத்தார்.

மூன்றாவது, முன்பும் இருந்த வால்ஸ்கிஸுக்குச் சரியான இடத்தில் பந்து வந்து சேர ஆரம்பித்தது. வருஷ முடிவில் அவர் கணக்கில் 15 கோல், தங்கக் காலணி.

நான்காவது இடம் பிடித்து அரையிறுதி. பிப்ரவரி 29 அன்று பெரியமேட்டில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த கோவாவை 4–1 என்று அடித்தார்கள். கோவாவில் 2–4 தோல்வி, கூட்டினால் 6–5. 2020 மார்ச் 14 இறுதி ஆட்டம், கொரோனா வந்துவிட்டதால் ஆளே இல்லாத மைதானத்தில். கொல்கத்தாவிடம் 1–3 என்று தோற்றார்கள். பத்து நாளில் நாடே மூடியது. கோப்பை கிடைக்கவில்லைதான். ஆனால் இந்தக் கிளப்பின் கதையில் மிகச் சிறந்த வேலை இந்தத் தோற்ற வருஷத்தில்தான் நடந்தது என்று நான் சொல்வேன்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு செக்‌ஷன் ஞாபகம் வருகிறது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். பென்ஷன் ஃபைல்கள் கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடந்த செக்‌ஷன். மேலிடத்திலிருந்து மெமோ மேல் மெமோ வரும். பதில் எழுதவே பாதி நாள் போய்விடும். அப்போது ஒரு சூப்பிரண்டு மாற்றலில் வந்தார். வந்த அன்று யாரையும் திட்டவில்லை. "ரொம்பப் பழைய ஃபைல் எது, எடுங்கோ" என்றார். அதைத் தானே உட்கார்ந்து படித்தார். கணக்கில் புலியாக இருந்த ஒருவர் தபால் அனுப்பும் மேஜையில் இருந்தார், அவரைக் கணக்குக்கு மாற்றினார். டைப் அடிப்பதில் வேகமான அம்மாளுக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த வெளி வேலையை நிறுத்தினார். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பழைய ஃபைல், அவ்வளவுதான். எட்டு மாதத்தில் தேக்கம் கரைந்தது. ஒரு விதவை அம்மாள் நான்கு வருஷமாக நடந்த பென்ஷன் அன்றைக்குத்தான் பைசல் ஆனது.

அவருக்கு மாற்றல் வந்தது. அவர் எழுதி வைத்த பட்டியலை அடுத்து வந்தவர் பார்க்கவே இல்லை. ஒன்றரை வருஷத்தில் பழையபடி கட்டுகள். ஆட்கள் அதே ஆட்கள்.

சென்னையின் அணிக்கும் இதுதான் நடந்தது. 2020-இல் காய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2022-இல் ஜம்ஷெட்பூர் லீகில் முதலிடம் பிடித்துக் கேடயம் வாங்கியது. சென்னை? 2020–21-இல் எட்டாவது, 2021–22-இல் எட்டாவது, 2022–23-இலும் எட்டாவது. மூன்று வருஷத்தில் ஹங்கேரிக்காரர், மாண்டினீக்ரோக்காரர், ஜெர்மானியர் என்று மூன்று கோச்சுகள். முதல் இரண்டு வருஷம் கொரோனாவால் ஆட்டங்கள் எல்லாம் கோவாவிலேயே நடந்தன, பெரியமேட்டில் விளக்கே எரியவில்லை. 2023-இல் காய்லையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறாவது இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. அதற்கடுத்த வருஷம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. மந்திரவாதியும் இரண்டாம் முறை தொப்பியில் முயலைத் தேட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பிரான்ஸின் தென்கோடி ஊர் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் பெர்ப்பினியான். அங்கே 'கத்தலான் டிராகன்ஸ்' என்று ஒரு ரக்பி லீக் கிளப். ரக்பியில் இரண்டு வகை உண்டு. 15 பேர் ஆடுவது ஒன்று. 1895-இல் வட இங்கிலாந்துத் தொழிலாளிகளின் கிளப்புகள், வேலையை விட்டு ஆட வருகிறவனுக்குக் கூலி தரவேண்டும் என்ற சண்டையில் பிரிந்து உண்டாக்கியது இன்னொன்று, அதுதான் பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆனது. பிரான்ஸில் இந்தப் பதின்மூவர் ஆட்டத்தை 1941-இல் விஷி அரசு தடை செய்து, அதன் சொத்தையும் பறித்தது. போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் 'ரக்பி' என்ற சொல்லையே அவர்கள் பயன்படுத்த முடியாமல் 'பதின்மூவர் ஆட்டம்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மண்ணிலிருந்து வந்த கத்தலான் கிளப், 2006-இல் இங்கிலாந்தின் சூப்பர் லீகில் சேர்க்கப்பட்டது. முதல் வருஷம் கடைசி இடம். 2017-இல் மறுபடி அதலபாதாளம். லீகில் நீடிப்பதா, கீழே இறங்குவதா என்பது ஒரே ஓர் ஆட்டத்தில் தொங்கியது. லீ என்ற ஊரில், எதிரியின் மைதானத்தில், 26–10 என்று வென்று தப்பினார்கள். அந்த வருஷம் நடுவில் வந்த கோச் ஸ்டீவ் மெக்னமாரா. 2018-உம் மோசமாகவே தொடங்கியது. ஆனாலும் அவரை வெளியே அனுப்பவில்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 25, வெம்பிளி மைதானத்தில் வாரிங்டனை 20–14 என்று வென்று சேலஞ்ச் கோப்பையைத் தூக்கினார்கள். 1897 முதல் கொடுக்கப்பட்டுவரும் அந்தக் கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் முறை. 2021-இல் லீகில் முதலிடம். 2021, 2023 இரண்டிலும் இறுதி ஆட்டம். மெக்னமாரா 2025 வரை, ஏறக்குறைய எட்டு வருஷம் இருந்தார். ஏற்றமும் இறக்கமும் அங்கேயும் உண்டு. ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு பிரெஞ்சுப் பழமொழியை எழுதி எழுதிக் கை வலிக்கும். சிறுகச் சிறுகத்தான் குருவி கூடு கட்டும் என்று பொருள். கூடு கட்டும் குருவியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றினால் எத்தனை குருவி வந்தாலும் கூடு வராது.

சென்னை அணியின் ஏற்றங்களுக்கு லீகின் விதியும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. எட்டு, பத்து அணிகளில் முதல் நான்குக்கு அரையிறுதி என்றால், தொடர்ந்து நாலைந்து வெற்றி போதும், கடைசியிலிருந்து உள்ளே வந்துவிடலாம். 2015-இல் அப்படித்தான். ஒரு மெண்டோசா, ஒரு வால்ஸ்கிஸ் காலில் நெருப்பு இருந்தால் இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். நெருப்பு எரியும்போதே அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். கிளப்பிடம் மிஞ்ச வேண்டியது வேறு இரண்டு: உள்ளூரில் வளர்த்த பையன்கள், அவர்களை அறிந்த உள்ளூர் வாத்தியார்.

அப்படி ஒருவர் இருந்தார். சையத் சபீர் பாஷா. இந்தியாவுக்காக ஆடியவர், நம் இந்தியன் வங்கி அணியில் ஆடியவர். கிரெகரி கோப்பை வாங்கியபோதும், காய்ல் தூக்கி நிறுத்தியபோதும் உதவிக் கோச்சாகப் பக்கத்தில் நின்றவர். 2022-இல் மாண்டினீக்ரோக் கோச்சை நடுவில் அனுப்பியபோது, மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தார்கள். அலுவலகத்தில் இதற்கு 'இன்சார்ஜ்' என்று பெயர். நாற்காலி உண்டு, பதவி இல்லை. எத்தனையோ ஹெட் கிளார்க்குகள் இப்படி இன்சார்ஜாகவே ஓய்வு பெற்றதைப் பார்த்தவன் நான். துரைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவரிடம் இருக்கும் அறிவை நிறுவனம் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'அதனால் என்ன, பொழுதுபோக்குதானே' என்று சிலர் சொல்லலாம். சென்னை சிட்டி எஃப்.சி. என்று இன்னொரு கிளப் இருந்தது. கோயம்புத்தூரில் ஆடி 2018–19-இல் ஐ-லீக் கோப்பையையே வாங்கியது. நான் மேலே சொன்ன எட்வினும் அந்த அணியில் இருந்தவர். சில வருஷத்துக்குள் அது தேசிய அரங்கிலிருந்தே மறைந்துவிட்டது. கோப்பை வாங்கிய கிளப்பே இல்லாமல் போகலாம் என்றால், கடைசி இடத்து கிளப்புக்கு யார் உத்தரவாதம்? 2025 ஜூலையில் ஒப்பந்த இழுபறியில் சூப்பர் லீகின் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தபோது, நாட்டில் எத்தனையோ ஆட்டக்காரர்களுக்கும், ஊழியர்களுக்கும் அடுத்த மாதச் சம்பளம் என்ன ஆகும் என்று தெரியாத நிலை வந்தது. பட்டியலில் தெரிவது புள்ளி. அதற்குப் பின்னால் இருப்பது வியாசர்பாடியில் காலணி இல்லாமல் ஆடத் தொடங்கி, இதை ஒரு வேலையாக்கிக்கொள்ளலாம் என்று நம்பிய பிள்ளையின் குடும்பம்.

ஆகவே என் முடிவு இதுதான். கீழே கிடப்பதைத் தூக்குவதற்கு ஒரு நல்ல மனிதர் போதும், மூன்று மாதமும் போதும். காய்ல் அதைச் செய்து காட்டினார். ஆட்களை விரட்டாமல், திட்டாமல், இருப்பவர்களைச் சரியான நாற்காலியில் உட்கார வைத்துச் செய்தார். தூக்கியதை நிற்க வைப்பதற்கு ஒரு மனிதர் போதாது. அதற்கு மாற்றலாகிப் போகிறவர் எழுதி வைப்பதும், அடுத்து வருகிறவர் அதைப் படிப்பதும் வேண்டும். சென்னையின் அணி முதல் வேலையில் பல முறை தேர்ந்தது. இரண்டாவது வேலையை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

1950, 60-களில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் உள்ளூர் லீக் கால்பந்து பார்த்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள், கிளப்புகளின் பெயர்கள் ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். நான் அப்போது புதுச்சேரியில் இருந்தவன், பார்த்ததில்லை. யாராவது எழுதி வைத்தால்தான் அடுத்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும்.